அசைபோடும் வாசிப்பு: வேதவசனத்தில் மகிழ்ச்சி காண்பது எப்படி?

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசித்தால் ஓராண்டில் முழுவதையும் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டு, சில ஆண்டுகள் நான் அப்படியே முடித்தும் இருக்கிறேன். அந்த வாசிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஓடும் நெடுங்கதை அதனால்தான் மனத்தில் பதிந்தது. ஆயினும் அட்டவணையில் அன்றைய கட்டத்தில் ஒரு குறியிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிய பல காலைகளில், சற்றுமுன் என்ன வாசித்தாய் என்று ஒருவர் கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. தேனிலும் மதுரமானவை என்று சங்கீதக்காரன் சொன்ன வார்த்தைகள், என் நாவில் படாமலேயே தொண்டைக்குள் இறங்கிப்போயிருந்தன.

மாடு புல்லை மேயும் வேகம் வேறு. நிழலில் படுத்து அதை அசைபோடும் வேகம் வேறு. மேய்ந்தது உடலில் சத்தாகச் சேர்வதற்கு அசைபோட்டாக வேண்டும். வேதத்தில் மகிழ்ச்சி இல்லை என்று வருந்துகிற பலர், வாசிக்காதவர்கள் அல்லர். மேய்ந்துவிட்டு அசைபோடாமல் எழுந்து போகிறவர்கள். அந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி

சங்கீதப் புத்தகம் மகிழ்ச்சியைப் பற்றிய சொல்லோடுதான் தொடங்குகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "பாக்கியவான்" என்றும், பொது மொழிபெயர்ப்பு "நற்பேறு பெற்றவர்" என்றும் தருகிற இடத்தில், எபிரெய மூலத்தில் "அஷ்ரே" என்ற சொல் நிற்கிறது. ஒரு மனிதனைப் பார்த்து, "ஆகா, இவன் எவ்வளவு நன்றாக இருக்கிறான்!" என்று வியந்து சொல்வது போன்ற சொல் அது. அந்த மனிதன் யார் என்றால், "கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து, இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்". பிரியமும் தியானமும் இங்கே அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். பிரியமான ஒன்றையே மனம் திரும்பத் திரும்ப எண்ணும். திரும்பத் திரும்ப எண்ணப்படுகிற ஒன்றின்மேல் பிரியம் வளரும். எது முதலில் வருகிறது என்று காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஏனெனில் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

தியானம் என்றதும் கண்களை மூடி, எண்ணங்களை ஒடுக்கி, மனத்தை வெறுமையாக்கி அமர்வதையே நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தச் சங்கீதம் சொல்வது அதுவன்று. இங்கே உள்ள எபிரெய வினைச்சொல் "ஹாகா"; வாய்க்குள் முணுமுணுப்பது, தாழ்ந்த குரலில் ஒலியெழுப்புவது என்பது அதன் பொருள். இரையைப் பிடித்துக்கொண்ட சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதை ஏசாயா 31ஆம் அதிகாரம் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. நோயில் கிடந்த எசேக்கியா புறாவைப்போல் புலம்பினேன் என்று 38ஆம் அதிகாரத்தில் சொல்வதும் இதே சொல்தான். ஆகவே வேத தியானம் வெறுமையில் நடப்பதன்று. வாயில் ஒரு வார்த்தை இருக்க வேண்டும். "இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்று யோசுவாவிடம் சொல்லப்பட்டதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இது தெரியவந்த நாளில் நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாம் சங்கீதத்தில் "தியானம்" என்று வரும் அதே வினைச்சொல், இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில், "ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?" என்ற இடத்திலும் வருகிறது. அதாவது, தியானிக்கிறவர், தியானிக்காதவர் என்று மனிதர் இரண்டு வகை அல்லர். எல்லாரும் எதையாவது தியானித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை இரவு முழுவதும் மனத்தில் ஓட்டுகிறோம். நாளை வரக்கூடிய செலவைப் படுக்கையில் புரண்டுகொண்டே கணக்கிடுகிறோம். கவலைப்படத் தெரிந்த எவருக்கும் தியானிக்கத் தெரியும். அந்தத் திறமை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அதற்குக் கொடுக்கப்படுகிற பொருளைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு மனத்தை ஒருமுகப்படுத்த வராது என்று சொல்கிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரமும் பகுதியும்

காலையா மாலையா என்பதில் நான் பிடிவாதம் காட்ட மாட்டேன். சங்கீதம் இரவையும் பகலையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் மனம் எப்போது ஓரளவு தெளிவாக இருக்கிறதோ அந்த நேரத்தில் பதினைந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். தொடக்கத்தில் அதற்கு மேல் ஒதுக்க வேண்டாம், ஏனெனில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி மூன்றாம் நாளே கைவிடுவதைக் காட்டிலும், பதினைந்து நிமிடத்தை மூன்று மாதம் காத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எண்களுக்கு அடிமையாக வேண்டாம். இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் இராபர்ட் எஸ்தியேன் என்ற பதிப்பாளர் அமைத்தவை. அவை இடத்தைக் கண்டுபிடிக்க உதவுகிற அடையாளங்களேயன்றிக் கருத்தின் எல்லைகள் அல்ல. எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள பன்னிரண்டு வசனங்களும் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். எனவே ஒரு கருத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுவே உங்கள் பகுதியாக இருக்கட்டும். அது மூன்று வசனமாகவும் இருக்கலாம், பத்து வசனமாகவும் இருக்கலாம். முழு வேதத்தையும் வாசிக்கும் திட்டம் உங்களுக்கு இருந்தால் அதை விடவேண்டாம். அன்றைய அதிகாரங்களை வேகமாக வாசித்துவிட்டு, அவற்றுள் ஒரு சிறு பகுதியை மட்டும் அசைபோட எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்விட்டு வாசியுங்கள்

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிச்சென்று, அவர் வாசிப்பதைக் "கேட்டு", வாசிக்கிறது விளங்குகிறதா என்று வினவுகிறார். தனியாகப் பயணம் செய்கிறவரின் வாசிப்பு வெளியே நடப்பவர் காதில் விழுந்தது என்றால், அவர் வாய்விட்டுத்தான் வாசித்திருக்க வேண்டும். பழங்காலத்தில் அதுவே பொதுவான வழக்கமாக இருந்தது. கண் ஓடுகிற வேகத்தில் வாய் ஓடாது. ஆகவே வாய்விட்டு வாசிக்கும்போது நாம் இயல்பாகவே நிதானமடைகிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம் கிடைக்கிறது. உங்கள் பகுதியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சற்று மெதுவாக, உங்கள் காதுக்கு மட்டும் எட்டும்படி வாசியுங்கள்.

அந்த மந்திரியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. அவர் ஒரு கேள்வி கேட்டார்: தீர்க்கதரிசி இதைத் தம்மைக்குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக்குறித்துச் சொல்கிறாரா? வசனத்துக்குள்ளேயே நின்று, வசனத்தைப் பற்றியே கேட்கப்பட்ட கேள்வி அது. மேலும், ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால் தமக்கு எப்படி விளங்கும் என்று ஒப்புக்கொண்டு, பிலிப்புவைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். விளங்காத இடத்தில் நல்ல விளக்கவுரையையோ, வேதம் அறிந்த ஒருவரையோ நாடுவது தியானத்துக்குக் குறைவு அன்று. அந்த அதிகாரத்தில் அவரைப் பற்றிக் கடைசியாகச் சொல்லப்படுவது, அவர் "சந்தோஷத்தோடே தன் வழியே போனான்" என்பதே.

ஒரு பகுதியை அசைபோட்டுப் பார்ப்போம்

பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருப்பதாலேயே கவனிக்கப்படாமல் போகிற 23ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." இதை ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கர்த்தர் என் மேய்ப்பர் என்றால், வேறொருவரும் அல்லர்; என் வருமானமோ என் உடல்நலமோ என்னை மேய்ப்பதில்லை. என் மேய்ப்பர் என்றால், பொதுவாக உலகத்துக்கு மட்டும் அல்ல, பெயர் சொல்லி எனக்கு. மேய்ப்பர் என்றால், நான் ஆடு; எனக்கு வழி தெரியாமலிருப்பது அவருக்கு வியப்பான செய்தி அல்ல. இருக்கிறார் என்றால், நாளை வந்து சேர்வார் என்பதன்று. ஐந்து நிமிடத்துக்கு முன் வெறும் வாசகமாக இருந்தது இப்போது நம்மைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறது.

அடுத்து, பகுதியின் போக்கைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் படர்க்கையில் பேசுகிறான்: அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்க்கிறார், அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. வந்தவுடனே "அவர்" மறைந்து, "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று முன்னிலையாக மாறிவிடுகிறது. பசும்புல்லில் நின்றபோது கர்த்தரைப் பற்றிப் பேசினவன், இருளில் நுழைந்ததும் கர்த்தரோடு பேசத் தொடங்குகிறான். இதை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலேயே பாடியும் ஜெபித்தும் வந்திருக்கிறேன். கண்டுகொண்ட நாளிலிருந்து, இருண்ட வேளைகளில் என் ஜெபம் குறுகிப்போவதைப் பற்றி நான் முன்போல் அஞ்சுவதில்லை. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்பதும் குறுகிய வாக்கியமே.

ஆறாம் வசனத்தில் நன்மையும் கிருபையும் "என்னைத் தொடரும்" என்கிறான். மூலத்தில் உள்ள சொல், பகைவன் துரத்துவதற்கும் பயன்படுகிற வலிமையான சொல். ஐந்தாம் வசனத்தில் சத்துருக்கள் கண்முன் நிற்க, அடுத்த வசனத்தில் அவனைத் துரத்திக்கொண்டு வருவது கிருபையாக இருக்கிறது. இப்படிப்பட்ட ஒன்று கண்ணில் படும்போது நெஞ்சில் எழுகிற மகிழ்ச்சியைத்தான் 119ஆம் சங்கீதம், மிகுந்த கொள்ளையுடைமையைக் கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சிக்கு ஒப்பிடுகிறது.

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்காமல் தியானிப்பதும் முக்கியம். எரேமியா 29:11இல் உள்ள, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்கு எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் எழுபது ஆண்டுகள் நிறைவேற வேண்டும் என்கிறது. எழுபது ஆண்டு என்றால், அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகாமலே கண்மூடியிருப்பார்கள். அதை அறிந்தபின் அந்த வாக்கின் இனிமை குறையவில்லை. உடனடி வெற்றியை எதிர்பார்த்து ஏமாறுவதிலிருந்து அது நம்மைக் காப்பாற்றி, நம் ஆயுளைவிட நீண்ட ஒரு நம்பிக்கையைக் கையில் தருகிறது.

கண்டதை ஜெபமாக்குதல்

1535இல் மார்ட்டின் லூத்தரிடம் அவருடைய முடிதிருத்துநர் பேதுரு என்பவர் ஜெபிப்பது எப்படி என்று கேட்டதற்கு, லூத்தர் நீண்ட கடிதமாகவே பதில் எழுதினார். முடிதிருத்துகிறவர் கத்தியின்மேல் கண்ணும் கருத்துமாக இருப்பதுபோல ஜெபத்திலும் மனம் முழுமையாக இருக்க வேண்டும் என்று அவர் தொழிலிலிருந்தே உவமை காட்டிய லூத்தர், பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழைகளாகத் தாம் பின்னி ஜெபிப்பதை விளக்கினார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும், இதன் ஒளியில் எதை அறிக்கையிட வேண்டும், இதைக்கொண்டு எதைக் கேட்க வேண்டும். தியானத்திலிருந்து ஜெபத்துக்குப் போகத் தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. ஒரு இழையிலேயே மனம் நிறைந்து நின்றுவிட்டால் மற்ற மூன்றையும் விட்டுவிடலாம். ஆவியானவர் பேசத் தொடங்கினால் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்படியே லூத்தரும் அறிவுரை சொன்னார்.

பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், 1841இல் தம் வழக்கத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்தார். அதற்குமுன் பல ஆண்டுகளாக அவர் எழுந்தவுடன் ஜெபத்தில் தொடங்கி, மனம் அலைபாய, கால் மணி, அரை மணி நேரம் போராடிய பிறகே உண்மையாக ஜெபிக்க முடிந்ததாம். பின்னர் முதலில் வேதத்தை வாசித்துத் தியானிக்கத் தொடங்கினார். சில நிமிடங்களில் அந்தத் தியானமே நன்றியாகவும் அறிக்கையாகவும் வேண்டுதலாகவும் மாறியது. ஒவ்வொரு நாளும் தம் முதல் வேலை, தம் ஆத்துமா கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருக்கும்படி பார்த்துக்கொள்வதே என்று அவர் எழுதினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உணவுக்குப் பொறுப்பேற்றிருந்த ஒருவர், தம் மகிழ்ச்சியை நாளின் முதல் கடமையாக வைத்தது தன்னலம் என்று நான் கருதவில்லை. வற்றின கிணற்றிலிருந்து பிறருக்கு மொண்டு கொடுக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாளுக்குள் எடுத்துச் செல்லுதல்

எழுவதற்கு முன், அந்தப் பகுதியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து மனத்தில் வையுங்கள். சிறு காகிதத்தில் கையால் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது உதவும். நடக்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும், கை வேலையில் ஈடுபட்டு மனம் ஓய்ந்திருக்கும்போதும் அதை முணுமுணுங்கள். மாலையில் அதே வாக்கியம் காலையில் இருந்ததைவிட வேறு விதமாக ஒலிப்பதைக் காண்பீர்கள், ஏனெனில் இடையில் நடந்த நாள் அதன்மேல் உராய்ந்திருக்கிறது. உறங்கப் போகும்போது கடைசியாக நினைப்பதும் அதுவாகவே இருக்கட்டும். கவலை ஆண்டுகொண்டிருந்த அந்த நேரத்தை வசனத்துக்குக் கொடுப்பது எனக்கு மிகுந்த பயனைத் தந்திருக்கிறது.

வசனம் ஏதாவது செய்யச் சொன்னால் அன்றே செய்துவிடுங்கள். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கத் தூண்டினால், அதைத் தள்ளிவைத்துவிட்டு மறுநாள் அடுத்த பகுதியில் இனிமை தேடுவது நடவாத காரியம். இயேசுவே, தேவனுடைய வார்த்தையைக் கேட்டு அதைக் காத்துக்கொள்ளுகிறவர்களைத்தான் பாக்கியவான்கள் என்றார்.

சுவை தெரியாத நாட்கள்

இவையெல்லாம் செய்தும் ஒன்றும் தோன்றாத நாட்கள் வரும். அப்போது உணர்ச்சியைப் பிழிந்தெடுக்க முயலாதீர்கள். 119ஆம் சங்கீதத்தை எழுதியவரே, வேதத்தின் அதிசயங்களைப் பார்க்கும்படி "என் கண்களைத் திறந்தருளும்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. தம் இருதயம் பொருளாசையைச் சாராமல் வேதத்தின் பக்கம் சாயும்படி செய்யும் என்றும் வேண்டினார். பிரியமே இல்லாதபோது பிரியத்துக்காக ஜெபிக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். முதலாம் சங்கீதத்தின் மரமும் எல்லா நாளும் கனி தருவதில்லை. "தன் காலத்தில்" தருகிறது. நீர்க்கால்களின் ஓரத்தில் நடப்பட்ட மரத்துக்கு வேர் ஈரத்தில் இருப்பதே முக்கியம்.

துக்கத்திலும் நோயிலும் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பேசப்படும் மகிழ்ச்சி, கண்ணீரை மறைத்துச் சிரிப்பது அன்று. உம்முடைய வார்த்தைகளை உட்கொண்டேன், அவை எனக்குச் சந்தோஷமாயிருந்தன என்று சொன்ன எரேமியா, இரண்டு வசனம் தள்ளித் தன் ஆறாத காயத்தைப் பற்றி முறையிடுகிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதம்தான், அதையும் வாய்விட்டு வாசிக்கலாம். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் வாழும் விருப்பத்தையும் தின்றுகொண்டிருந்தால், மருத்துவரிடம் போங்கள்; அது விசுவாசக் குறைவு அன்று. அந்தக் காலத்தில் ஒரு வசனத்துக்கு மேல் தாங்க முடியாவிட்டால் ஒரு வசனமே போதும். அதையும் வாசிக்க இயலாவிட்டால் அன்புள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு 119ஆம் சங்கீதத்தையே சொல்வேன். வேதத்திலேயே நீண்ட அதிகாரமான அதில் 176 வசனங்கள். எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துக்களுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக அது அமைந்திருக்கிறது. நாளுக்கு ஓர் எழுத்து என்று 22 நாட்கள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாளும் எட்டு வசனத்தையும் வாய்விட்டு வாசித்து, ஒரு வசனத்தில் தங்குங்கள். வேதத்தின்மேல் உள்ள பிரியத்தை இத்தனை விதமாகச் சொன்ன அந்த மனிதர், கடைசி நாளின் கடைசி வசனத்தில் தம்மைக் காணாமற்போன ஆடு என்கிறார்: "வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக." அந்த வசனத்துக்கு மட்டும் இரண்டு நாள் கொடுங்கள், இரண்டாம் நாளில், அதை 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள்.